எல்லாரும் எழும்புவாங்களா

1

போன வியாழக்கிழமை வசந்தி அக்காவுக்கு ஆண்டுத் திவசம். ஊரில் அம்மா வெள்ளெனவே முழுகி, அக்காவுக்குப் பிடித்த கறிகளைச் சமைத்துப் படைத்திருப்பா. அதே நாள் பின்னேரம் நான் இங்கே சுவிஸில், ஒரு மண்டபத்தில், பதினொரு பேரைப் பிணம் மாதிரிப் படுக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

பகிடிக்குச் சொல்லவில்லை. யோகா படிப்பிப்பதற்கான கடைசிச் சோதனை அது. முக்கால் மணித்தியாலம் ஒரு வகுப்பை நாமே நடத்திக் காட்ட வேண்டும். முடிவில் சவாசனம். மல்லாக்கப் படுத்து, கண்ணை மூடி, கைகால்களைத் தளரவிட்டு, அசையாமல் பத்து நிமிடம் கிடப்பது. படுக்கிறவர்களுக்கு அதைப் போல லேசான ஆசனம் இல்லை. படுக்கச் சொல்கிறவளுக்குத்தான் ஏலாமல் இருந்தது. இரண்டு தரம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நான் தவறினேன். மூன்றாம் தரமும் தவறினால் சான்றிதழ் இல்லை, ஒன்றரை வருசப் படிப்பு போய்விடும்.

ஆனால் சான்றிதழை விடப் பெரிய கேள்வி ஒன்று ஒரு வருசமாக என் நெஞ்சில் கிடந்தது. இன்னொரு ஆளுக்கு “மூச்சை இப்படி விடு” என்று சொல்ல எனக்கு இனி உரிமை இருக்கிறதா? அதை யாரிடமும் கேட்கவில்லை. என் கணவரிடம் கூடக் கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். மனதில் வருகிற ஒழுங்கில்தான் எழுத வரும்.

2

கல்யாணம் முடித்து இங்கே வந்து ஐந்து வருசம். அவர் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்கிறார். எனக்கு முதலில் கிடைத்தது துப்புரவு வேலை. வாரத்தில் மூன்று நாள் ஒரு யோகா மண்டபம். பாய்களைத் துடைத்து அடுக்கி, மறந்துவிட்டுப் போன தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்கி, பெரிய கண்ணாடியை மினுக்க வேண்டும்.

மண்டபத்தை நடத்துகிறவள் நாடின். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். ஒருநாள் நான் பாய் அடுக்கும்போது வந்து கேட்டாள்.

“நீ அந்தப் பக்கத்து ஆள்தானே? உனக்குச் சின்ன வயதிலிருந்தே யோகா தெரிந்திருக்குமே?”

எங்கள் ஊரான பழுகாமத்தில் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் தலைகீழாக நின்றதில்லை. குனிந்து புல் பிடுங்கியவர்களும் வள்ளம் தள்ளியவர்களும்தான் இருந்தார்கள். “இல்லை” என்று சொல்லி அதற்கு விளக்கமும் சொல்ல அப்போது எனக்கு டொச் பாஷை காணாது. “ஓம்” என்றால் கதை முடிந்துவிடும். ஓம் என்றேன். அந்தப் பொய்யில்தான் என் படிப்புத் தொடங்கியது. மண்டபத்தைத் தொடர்ந்து துப்புரவாக்கினால் காசு கட்டாமல் வகுப்பில் இருக்கலாம், படிப்பிக்கவும் பழகலாம் என்றாள் நாடின்.

முதல் நாள் குனிந்து காலைத் தொடச் சொன்னார்கள். எனக்கு முழங்காலுக்குக் கீழே கை போகவில்லை. நாடின் மற்றவர்களிடம் மெல்லச் சொன்னாள்: “இவள் நிறையத் தெரிந்தவள். காட்டிக்கொள்ள மாட்டாள்.” மூன்று மாதம் அந்த மரியாதையைச் சுமந்துகொண்டு, வீட்டில் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் பாயை விரித்துக் குனிந்து குனிந்து பழகினேன்.

சூரிய நமஸ்காரம் மட்டும் எனக்குக் கெதியாகப் பிடிபட்டது. எங்கள் ஊர் படுவான்கரையில், வாவியின் மேற்குப் பக்கம். வாவிக்கு அங்கால் எழுவான்கரையில் சூரியன் கிளம்பி, தண்ணீரைக் கடந்துதான் எங்களிடம் வரும். எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இந்த மண்டபத்தில் அந்தப் பக்கம் சப்பாத்து வைக்கிற தட்டு இருக்கிறது. எல்லாரும் சப்பாத்தைத்தான் கும்பிடுகிறோம்.

பாஷை இன்னொரு பாடு. முதல் தரம் என்னை ஐந்து நிமிடம் படிப்பிக்க விட்டபோது, மூச்சை உள்ளே வாங்குங்கள் என்று சொல்ல நினைத்து, கடையில் சாமான் வாங்குகிற சொல்லைப் போட்டுவிட்டேன். எல்லாரும் மரியாதைக்குப் பேசாமல் இருந்தார்கள். உர்ஸ் மட்டும் கையைத் தூக்கினார். தபால் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற எழுபது வயது மனுசன் அவர்.

“எத்தனை கிலோ வாங்க வேண்டும்?”

அன்றுதான் அந்த மண்டபத்தில் நான் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தேன்.

3

யாராவது ஒருவரை வைத்துத் தினமும் படிப்பித்துப் பழகு என்று நாடின் சொன்னாள். என் கணவருக்கு வேலை முடிந்து வந்தால் நித்திரைதான் யோகா. எனக்குக் கிடைத்த ஒரே மாணவி வசந்தி அக்கா.

அக்கா என்னை விட ஆறு வயது மூப்பு. சின்னதிலிருந்தே அவவுக்கு மூச்சு இழுக்கிற முட்டு வருத்தம். பனியிலும் இழுக்கும், தூசியிலும் இழுக்கும். மூச்சுக்கு அடிக்கிற பம் எப்போதும் சட்டைக்குள் இருக்கும். இங்கே மத்தியானம் நான் வேலை முடிந்து வரும்போது அங்கே பின்னேரம் ஐந்து மணி ஆகும். அக்கா கதிரையில் வந்து இருப்பா. எட்டு வயது மகள் கிருத்தி முன்னால் நின்று போனைப் பிடிப்பாள்.

“என்னகா, மூக்கப் பொத்திக்கிட்டு இரிக்கத்தான் பிளேன் ஏறிப் போனியா?”

“பொத்துறல்லக்கா. ஒரு பக்கத்தால எடுத்து மற்றப் பக்கத்தால விடுறது.”

“எனக்கு ரெண்டு பக்கத்தாலயும் ஒழுங்கா வாறல்ல. நீ அதில ஒண்ட அடைக்கச் செல்றாய்.”

“கிருத்தி, போனக் கொஞ்சம் மேல பிடி கிளி. அம்மாட நெஞ்சு தெரியல்ல.”

“கை நோகுது சின்னம்மா.”

“வாத்தியாருக்கே கை நோகல்ல, உனக்கு நோகுதா? பிடிடி,” என்பா அக்கா.

அவவுக்குப் பிடித்தது வண்டு மாதிரி இரைகிற மூச்சு. காதை விரலால் அடைத்து, வாயை மூடி, ம்ம்ம் என்று விடுவது. அக்கா தொடங்கினால் கிருத்தியும் சேர்ந்துகொள்வாள், முற்றத்து நாய் குரைக்கும். அத்தான் வயல் வட்டையில் இருந்து வந்து கால் கழுவிக்கொண்டே கேட்பார்: “என்ன, வீட்டுக்குள்ள குளவி கூடு கட்டித்தா?”

இரண்டு மாதத்தில், முந்தியை விட நல்லாய் நித்திரை வருகிறது என்று அக்கா சொன்னா. பக்கத்து வீட்டு ராணி மாமியிடம், “எங்கட தங்கச்சி வெள்ளக்காரருக்கே மூச்சு விடப் படிப்பிக்கிறாள்” என்று சொல்லித் திரிந்தாவாம். எனக்கு அது பெரிய பெருமை. எட்டாம் வகுப்பில் நின்றவளுக்கு ஒரு வித்தை வந்துவிட்டது என்ற பெருமை. அதைத்தான் இப்போது நினைக்க ஏலாமல் இருக்கிறது.

மாசி மாதம், வெட்டுக் காலம். நெல்லு வெட்டுகிற மெஷின் வீட்டுக்குப் பக்கத்துக் காணியில் இறங்கியிருந்தது. அன்று அக்காதான் என்னைப் போனில் எடுத்தா. கதிரையின் விளிம்பில் இருந்து, முழங்காலில் கை ஊன்றி, தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின. கிருத்தி போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பம் அடிச்சியாக்கா?”

“அடிச்சன். கேக்கல்ல. நீ கணக்குச் செல்லுகா. நீ சென்னா அடங்கும்.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வசனம்தான். ஆசுபத்திரிக்குப் போ. அவ்வளவுதான். நான் சொன்னது என்ன தெரியுமா? “சரியக்கா, பயப்பிடாத. விடுறத நீட்டு. நாலு எண்ணி எடு, ஆறு எண்ணி விடு.”

ஒண்டு, ரெண்டு, மூண்டு. இருபது நிமிடத்துக்கு மேல் எண்ணினேன். நடுவில் கொஞ்சம் அடங்கினது போல இருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோசம் கூட வந்தது. பிறகு அக்கா தலையை ஆட்டினா, வேண்டாம் என்று கையைக் காட்டினா, அப்படியே முன்னுக்குச் சரிந்தா. போன் கீழே விழுந்தது. எனக்கு வீட்டுக் கூரை மட்டும் தெரிந்தது. கிருத்தி அழுவது கேட்டது. நான் அந்தக் கூரையைப் பார்த்து அக்கா, அக்கா என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அத்தான் வட்டையில் இருந்து ஓடி வந்து, ஆட்டோ பிடித்து, பாதி வழி போகும்போதே முடிந்துவிட்டது. அரை மணித்தியாலம் முந்திக் கொண்டு வந்திருக்கலாம் என்று ஆசுபத்திரியில் யாரோ சொன்னார்களாம். அம்மா அதை என்னைக் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. அழுது அழுது வந்த கதையில் அதுவும் வந்தது. மற்றதை எல்லாம் நானே யோசித்துக்கொண்டேன்.

4

என் பாஸ்போட் அப்போது புதுப்பிக்கக் கொடுத்தபடி கிடந்தது. விசா அட்டைக்கும் தவணை முடிகிற நேரம். அலுவலகத்துக்குப் போனேன். யன்னலுக்கு அங்கால் இருந்த பெண் நல்ல மனுசி. ஒரு படிவம் தந்தாள். பயணத்தின் காரணம், இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு, சாவுச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு.

“எத்தனை நாள் எடுக்கும்?” என்று கேட்டேன்.

“அவசரம் என்று எழுதினால் ஒரு கிழமை.”

“நாளைக்கு எடுக்கிறார்கள்.”

அவளுக்கு விளங்கவில்லை. இங்கே ஒருவர் செத்தால் பத்து நாள் கழித்துத்தான் அடக்கம். எங்கள் ஊரில் அடுத்த நாளே எடுத்துவிடுவார்கள் என்பதை அவளுக்குச் சொல்ல எனக்குச் சொற்கள் வரவில்லை. “உங்கள் நாளை என்பது எந்தத் தேதி?” என்று அவள் திருப்பித் திருப்பிக் கேட்டாள். நான் படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செத்த வீட்டை நான் போனில்தான் பார்த்தேன். ராணி மாமி பிடித்துக் காட்டினா. வீடு நிறையச் சனம். மாமிக்குக் கால்மாட்டில்தான் நிற்க இடம் கிடைத்திருக்கிறது.

“மாமி, முகத்தக் காட்டுங்க.”

“சனம் விலகுதில்ல புள்ள. கொஞ்சம் பொறு.”

“மாமி, அக்காட முகம்.”

“பொறுகா, தலைமாட்டில பொம்புளயள் கட்டிப்பிடிச்சிக்கிட்டு இரிக்காளுகள். நான் எப்பிடிப் போற?”

ஒன்றரை மணித்தியாலம் நான் பார்த்தது அக்காவின் கால்களை. பெருவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அப்படித்தான் கட்டுவார்கள். புதுத் துணி. முடிச்சு கொஞ்சம் பெரிசு. இடது கால் சின்ன விரலில், சின்னதில் வள்ளத்தில் அடிபட்ட தழும்பு. பிறகு ஆம்பிளைகள் வந்து தூக்கினார்கள். மாமியின் கை ஆடியது. போன் நின்றுபோனது.

5

மூன்று மாதம் வகுப்புக்குப் போகவில்லை. துப்புரவுக்கு மட்டும் போனேன். பிறகு என் கணவர்தான், “இவ்வளவு தூரம் வந்தாச்சு, முடிச்சிப்போட்டு விடு” என்றார். அவருக்கு எண்ணின கதை தெரியாது. முட்டில் போய்விட்டா என்று மட்டும் தெரியும்.

முதல் சோதனையில் எல்லாம் சரியாகச் செய்தேன். சவாசனம் வந்தது. படுங்கள் என்றேன். எல்லாரும் தலையைச் சுவர்ப் பக்கம் வைத்து, என்னை நோக்கிக் கால் நீட்டிப் படுத்தார்கள். கண்ணுக்கு முன்னால் வரிசையாகக் கால்கள். மண்டபம் அமைதியாகிவிட்டது. ஒரு நிமிடம் இருந்திருப்பேன். மணியை அடித்து எழுப்பிவிட்டேன். உர்ஸ் தலையைத் தூக்கி, “இன்றைக்கு ஏதும் அவசரமா?” என்றார்.

இரண்டாம் தரம் கால்களைப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தேன். எழும்பி அவர்களுக்கு நடுவில் நடந்தேன். நடந்தவள் ஒவ்வொருவராகக் குனிந்து, மூக்குக்குக் கிட்ட புறங்கையை வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். மூச்சு வருகிறதா என்று. நான் செய்வது எனக்கே தெரியவில்லை. ஒரு பிள்ளை பயந்து கண்ணைத் திறந்து எழும்பி இருந்துவிட்டாள்.

வகுப்பு முடிந்ததும் நாடின் தாளில் ஏதோ எழுதிக்கொண்டே கேட்டாள். “ஏன் அவர்களின் மூக்கில் கை வைத்தாய்? இது உங்கள் ஊர் முறையா?”

அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. அவளுக்கு நான் இன்னும் நிறையத் தெரிந்தவள்தான்.

“இல்லை. இது என்னுடைய பிழை,” என்றேன்.

“மாசியில் இன்னொரு தரம் இருக்கிறது. அதுதான் கடைசி.” நாட்காட்டியைப் புரட்டி நாளைச் சொன்னாள். அக்காவின் நாள். மாற்றித் தா என்று நான் கேட்கவில்லை. மாற்றினால் வேறு ஒரு நாளில் அதே கால்கள்தானே.

இதற்கிடையில் கிருத்தி என்னோடு கதைப்பதை விட்டுவிட்டாள். அந்த நாளுக்குப் பிறகு ஒருநாளும் போனுக்கு வரவில்லை. அம்மா கூப்பிடுவது எனக்குக் கேட்கும். “கிருத்தி, சின்னம்மா லைன்ல. ஒரு சொல்லுக் கதச்சித்துப் போ.” கால் சத்தம் தூரப் போவதும் கேட்கும். “படிக்கிறாள் புள்ள, மறுகா கதைப்பாள்” என்பா அம்மா. எனக்குத் தெரியும், பிள்ளை எல்லாவற்றையும் கிட்ட நின்று பார்த்தவள். அவள் தாயைக் கடைசி இருபது நிமிடம் இருத்தி வைத்து எண்ணினவள் நான். என்னோடு எதற்குக் கதைக்க வேண்டும்?

6

வியாழக்கிழமை காலமை வீட்டுக்குப் போன் எடுத்தேன். அங்கே மத்தியானம் ஆகியிருந்தது. படைத்து முடிந்து சனம் சாப்பிடுகிற சத்தம். அம்மா அழவில்லை, களைத்துப்போய் இருந்தா. கொஞ்சம் கதைத்துவிட்டு, “இஞ்ச, ஒரு ஆள் பக்கத்தில நிக்கிறா” என்றா. போன் கை மாறியது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“கிருத்தியா?”

“ஓம்.”

“சாப்பிட்டயா கிளி?”

“ஓம்.” பிறகு ஒரே மூச்சில் கேட்டாள்: “சின்னம்மா, உங்களுக்கு என்னோட கோவமா?”

“எனக்கு ஏன்டி உன்னோட கோவம்?”

“நான் அப்பாவக் கூப்பிட ஓடல்லதானே. நீங்க எண்ணிக்கிட்டு இரிந்தீங்க. போன வெச்சா நீங்க ஏசுவீங்க எண்டு நான் பிடிச்சிக்கிட்டே நிண்டுத்தன். ஓடி இரிந்தா அம்மா…”

ஒரு வருசம். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு வருசமாக இதைச் சுமந்துகொண்டு வளவுக்குள் திரிந்திருக்கிறாள். நான் இங்கே அவள் என்னை வெறுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“இஞ்ச கேளு. போனப் பிடிக்கச் சென்னது நான். போகச் செல்லாமல் எண்ணினதும் நான். நீ சென்னதச் செஞ்ச புள்ள. உன்னில ஒரு பிழையும் இல்ல.”

“மெய்தான்?”

“மெய்தான்டி.”

“உங்களுக்குத் தெரியாதுதானே சின்னம்மா, அம்மாக்கு அவ்வளவு கூட எண்டு?”

தெரியாது என்பது உண்மை. ஆனால் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் உண்மை. அவள் காத்திருந்துவிட்டுக் கதையை மாற்றினாள்.

“இண்டைக்கு உங்களுக்குச் சோதின எண்டு அம்மம்மா சென்னா. என்ன செய்யச் செல்லுவாங்க?”

“ஆக்களப் படுக்க வைக்கணும். செத்த ஆக்கள் மாதிரி.”

“அம்மாவப் படுக்க வெச்ச மாதிரியா?”

“…ஓம்.”

“மறுகா எழும்புவாங்களா?”

“எழும்புவாங்க.”

“எல்லாரும் எழும்புவாங்களா?”

“எல்லாரும்.”

“அப்ப நல்லதுதானே,” என்றாள். யாரோ கூப்பிட, போனை அம்மம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள்.

பின்னேரம் மண்டபத்தில் நாடின் தாளோடு மூலையில் இருந்தாள். வெளியில் பனி கரைந்து கூரையால் சொட்டிக்கொண்டிருந்தது. ஆசனங்கள் முடிந்தன. மூச்சு வந்தது. நாலு எண்ணி எடுக்க, ஆறு எண்ணி விட. தொடங்க முதல் நான் ஒரு விசயம் சொன்னேன். அது நாடினின் பாடத்தில் இல்லை. “உங்களில் யாருக்காவது மூச்சு முட்டினால் என் குரலைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். நிறுத்துங்கள். மருந்து எடுங்கள். வைத்தியரிடம் போங்கள். நான் எண்ணுவதால் முட்டு மாறாது.” டொச் சரியோ பிழையோ, சொல்லி முடித்தேன். பிறகு எண்ணினேன். கடைசி வரை எண்ணினேன்.

படுங்கள் என்றேன். பதினொரு பேர் படுத்தார்கள். என்னை நோக்கி இருபத்திரண்டு பாதங்கள். நாடின் தந்த தாளில் ஒரு வரி உண்டு: பாதங்களைத் தளரவிடுங்கள், அவை தாமாக வெளிப்பக்கம் விழட்டும். இரண்டு தரமும் அந்த வரியைக் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லியிருந்தேன். இந்த முறையும் சொன்னேன். சொல்லிவிட்டு, முதல் தரமாக, அவை விழுவதைப் பார்த்தேன்.

ஒவ்வொரு சோடியாக வெளிப்பக்கம் சரிந்தன. ஒரு பெருவிரல் வடக்கே, ஒரு பெருவிரல் தெற்கே. ஒருவரின் விரல்களும் சேர்ந்திருக்கவில்லை. ஒன்றையும் யாரும் கட்டவில்லை. உர்ஸின் காலுறையில் ஒரு ஓட்டை, அதற்குள்ளால் எட்டிப் பார்த்த பெருவிரல் தன்பாட்டுக்கு ஒருதரம் துடித்தது. மூக்கில் கை வைத்துப் பார்க்கத் தேவையில்லை என்று அப்போதுதான் விளங்கியது. உயிருள்ளவர்களின் கால் இப்படித்தான் கிடக்கும், திறந்து. என் கண்ணால் தண்ணீர் ஓடியது. ஓடட்டும் என்று விட்டேன். அவர்கள் கண்ணை மூடியிருந்தார்கள். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடமும் இருந்தேன்.

மணியை அடித்தேன். விரல்களை அசையுங்கள். வலப்பக்கம் திரும்புங்கள். மெதுவாக எழும்பி இருங்கள். ஒருவர், இரண்டு பேர், ஐந்து பேர். பத்துப் பேர் எழும்பி இருந்தார்கள்.

உர்ஸ் எழும்பவில்லை.

மணியைத் திரும்ப அடித்தேன். அசையவில்லை. நாடின் பேனையை நிறுத்திப் பார்த்தாள். எப்படி அவரிடம் போனேன் என்று தெரியாது. கால்மாட்டில் முழங்காலில் இருந்து, ஓட்டைக்குள்ளால் தெரிந்த அந்தப் பெருவிரலைப் பிடித்தேன். சூடாக இருந்தது. படித்த டொச் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை.

“எழும்புங்க,” என்றேன். தமிழில்தான். “எழும்புங்க ஐயா.”

உர்ஸ் ஒரு குறட்டையோடு விழித்து, என்னைப் பார்த்து, சுற்றிவரப் பார்த்து, “எனக்கு இன்னும் ஒரு கிலோ வேண்டும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் அவருடைய காலை விடாமல் சிரித்தேனா அழுதேனா தெரியாது.

நாடின் தாளை என்னிடம் நீட்டினாள். சவாசனத்துக்கு நேரே சரி போட்டிருந்தாள். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு, வெளியில் வந்து, சொட்டுகிற கூரைக்குக் கீழே நின்று, அம்மாவின் போனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன்.

“கிருத்தி, சின்னம்மா கதைக்கிறன். எல்லாரும் எழும்பிட்டாங்க கிளி. ஒரு ஆள் கொஞ்சம் சுணங்கினார். ஆனா எழும்பிட்டார்.”